மாச மருந்து: செயின் மெடிக்கலா, ஊர் மருந்துக்கடையா?

வாய்க்கால்மேடு:
கவுந்தப்பாடிப் பக்கம் கிராமமுங்க. வீட்டுல ரெண்டு பெரியவங்க. மாமாவுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரையோட 30/70 கலப்பு இன்சுலின், 10 மில்லி பாட்டில், காலையில 20 யூனிட், ராத்திரி 12. அத்தைக்கு தைராய்டு, பிரஷர். எல்லாம் ஊர் மருந்துக்கடையிலதான் வாங்கறோம். எம்ஆர்பி விலைதான், ஆனா கணக்கு எழுதி வச்சுக்குவாங்க, ராத்திரி கூப்பிட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க. இப்ப கோபிசெட்டிபாளையத்துல (கோபி) ஒரு செயின் மெடிக்கல்ல 15 சதவீதம் தள்ளுபடி, ஆப்புல போட்டா வீட்டுக்கே வருமுங்கறாங்க. மொத்தமா மாறிக்கலாமா? மாறினா என்னென்ன கவனிக்கோணும்?

மருந்தாளுநர்_சென்னிமலை:
எல்லாத்தையும் ஒரே கடைக்கு மாத்தணும்னு இல்லைங்க. மாத்திரையை கோபிக்கு மாத்தலாம். இன்சுலினை ஊர்க் கடையிலேயே வச்சுக்கங்க, அவங்க பிரிட்ஜ் ஒழுங்கா இருக்கற பட்சத்துல.

முதல்ல தள்ளுபடிக் கணக்கு. 15 சதவீதம்ங்கறது எம்ஆர்பி மேல. ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம், கம்பெனிக்குக் கம்பெனி எம்ஆர்பி எக்கச்சக்கமா மாறும். 100 ரூபா அட்டைக்கு 15 கழிச்சா 85. அதே மருந்து இன்னொரு கம்பெனியில 50 ரூபான்னா, தள்ளுபடியே இல்லாம வாங்கினாலும் 35 ரூபா மிச்சம். அதனால சதவீதத்தைப் பார்க்காம ஒரு மாத்திரை என்ன விலைன்னு பாருங்க. அட்டையில 10 இருக்கா, 15 இருக்கா, 30 இருக்காங்கறதையும் சேர்த்துப் பார்க்கணும். சர்க்கரை மாத்திரை மெட்பார்மின் ரெண்டு வேளைன்னா மாசத்துக்கு 60 மாத்திரை. 15 அட்டைன்னா 4, 10 அட்டைன்னா 6. ஆப்புல "4 அட்டை"ன்னு போன மாசம் போட்டதையே திரும்ப அழுத்தி, வந்து சேர்ந்தது 10 அட்டையா இருந்தா 20 நாள்ல தீர்ந்துரும்.

ஊர்க் கடைக்காரர் ஏன் 15 தர்றதில்லைன்னு அவர்மேல வருத்தப்படாதீங்க. மத்திய அரசு உச்சவிலை வச்சிருக்கற மருந்துகள்ல சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் லாபமா கணக்குல வச்சிருக்காங்க. அதுலதான் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம். செயின் கடை மொத்தமா கொள்முதல் பண்ணுது, சத்து மாவு, சோப்பு, சொந்த பிராண்டு சரக்குல லாபத்தை ஈடுகட்டிக்குது.

ரெண்டாவது, பிராண்டு மாத்தறது. "அதே மருந்துதாங்க, வேற கம்பெனி"ன்னு எந்தக் கடையில சொன்னாலும் தலையாட்டாதீங்க. ஷெட்யூல் எச் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கலாம்ங்கற பட்டியல்) டாக்டர் எழுதினதுக்குப் பதிலா வேறொண்ணைக் கடைக்காரர் தானா மாத்தித் தரக்கூடாது, அது சட்டம் (மருந்து விதிகள், 65ஆவது விதி). விலை குறைஞ்ச கம்பெனிக்கு மாறணும்னா டாக்டர்கிட்டயே கேட்டு, பிராண்டு பேரோட மூலப்பொருள் பேரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கிருங்க. அந்தச் சீட்டு எந்தக் கடையிலயும் செல்லும். ஆஸ்பத்திரியோட ஒட்டின மெடிக்கல்ல மட்டும் கிடைக்கற பிராண்டு எழுதிட்டாங்கன்னாலும் இதே வழிதான்.

அத்தையோட தைராய்டு மாத்திரைக்கு இது ரொம்ப முக்கியம். தைராக்சின்ல சின்ன அளவு வித்தியாசமே உடம்புல தெரியும். பிராண்டு மாறினா 6 முதல் 8 வாரம் கழிச்சு டிஎஸ்எச்ங்கற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கணும். அந்த மாத்திரை 100, 120 எண்ணிக்கையில பாட்டிலா வரும். சீல் பிரிக்காத பாட்டிலா வாங்குங்க, வேற டப்பாவுல கொட்டி வைக்காதீங்க, ஈரம் பட்டா வீரியம் குறையும்.

நொய்யல்கரை:
இன்சுலின் பத்தி நான் சொல்றனுங்க, அதுலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க.

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கோணும். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரையில 40 டிகிரி அடிக்குது. டெலிவரித் தம்பி பைக் பெட்டியில மத்தியானம் முழுக்க சுத்திட்டு வந்தா மருந்து கெட்டது கண்ணுக்கும் தெரியாது, சர்க்கரை எகிறின பொறவுதான் தெரியும். ஆப்புல போட்டே ஆகோணும்னா காலை நேரத்து டெலிவரியா போடுங்க. ஜெல் பை வச்சுத்தான் வரோணும், ஆனா அந்த ஜெல் பை பாட்டில்மேல நேரா ஒட்டியிருக்கக் கூடாது. உறைஞ்ச இன்சுலின் வெயில்ல கெட்டதுக்குச் சமம், உருகினாலும் போடக்கூடாது.

வாங்கினதும் பாட்டிலை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு பத்துத் தடவை மெதுவா உருட்டுங்க, குலுக்காதீங்க. 30/70 ஒரே சீரா பால் மாதிரி வரோணும். கட்டி கட்டியா மிதந்தாலோ, கண்ணாடி உள்பக்கம் உப்புப் பூத்தாப்புல ஒட்டியிருந்தாலோ அங்கயே திருப்பிக் கொடுத்துருங்க. ஒருக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா பிரிட்ஜ் மருந்தை எந்தக் கடையிலயும் திரும்ப வாங்கமாட்டாங்க, அது நியாயந்தான்.

ஊர்க் கடையில ரெண்டு கேள்வி கேளுங்க: பிரிட்ஜுக்குள்ள தெர்மாமீட்டர் இருக்குதா? கரண்ட் போனா யுபிஎஸ் இருக்குதா? ராத்திரி கடை பூட்டறப்ப மெயினை அணைச்சுட்டுப் போற கடைன்னா அங்க இன்சுலின் வாங்கவே வேண்டாம், எத்தனை வருசப் பழக்கமா இருந்தாலும் சரி.

இன்னொண்ணு. நம்மூர்ல 10 மில்லி பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் வகை, அதாவது பாட்டிலுக்கு 400 யூனிட். உங்க மாமாவுக்கு ஒரு நாளைக்கு 32 யூனிட். மாசம் ரெண்டு பாட்டில்னு கணக்கு வச்சா 25ஆம் நாள் தீர்ந்துரும். மூணாவதை 20ஆம் தேதிக்குள்ள சொல்லி வச்சுருங்க.

அவிநாசிரோடு:
ஊர்க் கடையை எல்லாரும் இப்படித் தூக்கி வைக்கறது எனக்குச் சரியாப் படலைங்க. எத்தனை கடையில மருந்தாளுநர் நேர்ல இருக்காரு? லைசென்சும் அவர் பதிவுச் சான்றும் சுவத்துல தொங்கும், மருந்து எடுத்துக் கொடுக்கறது விடுமுறைக்கு வந்த பையனா இருப்பான். தூக்க மாத்திரை, சில ஆன்டிபயாடிக்கெல்லாம் ஷெட்யூல் எச்1ங்கற இன்னும் கண்டிப்பான பட்டியல். வாங்கினவர் பேர், டாக்டர் பேர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருசம் வைக்கணும். சீட்டே கேட்காமக் கொடுக்கறதை வசதின்னு நினைக்கறோம், அதுதான் ஆபத்து.

பில்லும் பாருங்க. செயின் கடையில பேட்ச் நம்பர், காலாவதி மாசம் எல்லாம் பிரிண்டாகி வரும், போன மாசம் வாங்கினதும் போன் நம்பரைச் சொன்னா வரும். ஒரு பேட்ச் தரமில்லைன்னு அறிவிப்பு வந்தா உங்ககிட்ட இருக்கறது அதுதானான்னு அப்பத்தான் பார்க்க முடியும். ஊர்க் கடையில துண்டுச் சீட்டுல மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தா வாங்காதீங்க, முழு பில் கேளுங்க. பழைய வருமான வரி முறையில இருக்கறவங்க, 60 வயசு தாண்டி மருத்துவக் காப்பீடு இல்லாத அப்பா அம்மாவுக்கு ஆகற மருத்துவச் செலவை வருசம் 50,000 ரூபா வரைக்கும் வரிக்கான வருமானத்துல கழிச்சுக்கலாம். ரொக்கமாக் கொடுத்திருந்தா செல்லாது. ஜிபே, கார்டு எதுலயாவது கொடுத்து பில்லைப் பத்திரப்படுத்துங்க.

மருந்தாளுநர்_சென்னிமலை:
அவிநாசிரோடு சொன்னதுல மருந்தாளுநர் விசயம் உண்மைதாங்க, எந்தக் கடையா இருந்தாலும் வெள்ளைக் கோட்டுக்காரர் எங்கன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ரெண்டு கடையில வாங்கறப்ப ஒரு சிக்கல் வரும். இங்க வாங்கினது அங்க தெரியாது. முழங்கால் வலிக்கு ஊர்க் கடையில டைக்ளோபினாக் வாங்குவீங்க. பிரஷர் மாத்திரையை கோபியில வாங்கறது ஊர்க் கடைக்காரருக்குத் தெரியாது. டைக்ளோபினாக்கால பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கும். அதனால ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரு தாள்ல மருந்துப் பேர், மில்லிகிராம், வேளை எழுதி, போட்டோ எடுத்து ரெண்டு கடைக்கும் வாட்சப்புல அனுப்பி வச்சிருங்க.

காசுதான் பிரச்சினைன்னா இன்னும் ரெண்டு வழி இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், இலவசம். 2025 பிப்ரவரியில தொடங்கின முதல்வர் மருந்தகங்கள்லயும் மத்திய அரசோட மக்கள் மருந்தகத்துலயும் ஜெனரிக் மாத்திரை (பிராண்டு பேர் இல்லாம மூலப்பொருள் பேர்ல வர்றது) மலிவு. மூலப்பொருள் பேர் எழுதின சீட்டு இருந்தா அங்கயும் வாங்கலாம்.

வாய்க்கால்மேடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரு சந்தேகம். ஊர்க் கடையில சிரிஞ்சு தீர்ந்து போச்சுன்னா கோபியில எந்த இன்சுலின் சிரிஞ்சு கொடுத்தாலும் வாங்கிக்கலாமுங்களா?

நொய்யல்கரை:
கூடவே கூடாதுங்க அம்மணி. பாட்டில் லேபிள்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருந்தா சிகப்பு மூடி 40 சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் எடுத்தா உடம்புக்குள்ள போறது வெறும் 8 யூனிட். 100 மருந்தை சிகப்பு சிரிஞ்சுல 20 கோடு எடுத்தா 50 யூனிட் போயிரும், சர்க்கரை இறங்கி ஆளே மயங்கிருவாங்க. ஆப்புல போடறப்ப மூடிக் கலரைப் பார்க்காம, அட்டையில 40ன்னு அச்சடிச்சிருக்குதான்னு பெரிசாக்கிப் பாருங்க. சிரிஞ்சுக்குக் காலாவதி தூரம், பிரிட்ஜும் வேண்டாம், ஒரே தடவையா மூணு மாசத்துக்கு வாங்கி வச்சுக்கலாம்.