முதல் வருஷமே என்.சி.சி.யில் சேரலாமா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?

கேள்வி (பி.எஸ்சி. கணிதம், முதலாமாண்டு):

வணக்கம். காலேஜ் சேர்ந்து மூணு வாரம் ஆகுது. திருமங்கலம் தாண்டி ஒரு கிராமம் எங்க ஊர். ரெண்டு பஸ் மாறி மதுரைக்கு வந்து போறேன்.

நேத்து சீனியர் அக்கா ரெண்டு பேர் யூனிஃபார்மோட கிளாஸுக்கு வந்து, வெள்ளிக்கிழமை என்.சி.சி. செலக்‌ஷன், விருப்பம் இருக்கிறவங்க கிரவுண்டுக்கு வாங்கன்னு சொன்னாங்க. அவங்க நின்ன விதமும் பேசின விதமும் இன்னும் கண்ணுலயே நிக்குது. எனக்கோ நாலு பேர் முன்னாடி எழுந்தா குரலே வராது. அம்மா, "முதல்ல பாடத்தைப் பிடி, அதெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"ங்கிறாங்க. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரேடாம். எங்க ஊர் முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். ஒரு வருஷம் தள்ளிப் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

பதில் 1 (முன்னாள் எஸ்.யூ.ஓ., அதாவது கேடட்களில் மூத்த பதவியான சீனியர் அண்டர் ஆபீசர்):

தங்கச்சி, அடுத்த வருஷம் சேர்ந்தா என்.சி.சி.யோட உச்ச சர்டிபிகேட்டான 'சி' கைக்கு வராது. உன் டிகிரி மூணு வருஷம். 'பி' பரீட்சை ரெண்டாம் வருஷப் பயிற்சி முடியறப்ப, 'சி' மூணாம் வருஷப் பயிற்சி முடியறப்ப. என் ரூம்மேட் உன்னை மாதிரியே ஒரு வருஷம் பொறுத்துச் சேர்ந்தா. என்னைவிட நல்லா ஓடுவா, நல்லா சுடுவா. கடைசியில 'பி'யோட நின்னுட்டா. நாங்க 'சி' பரீட்சைக்குக் கிளம்பின அன்னிக்கு என் பெல்ட் பித்தளையைப் பிராசோ போட்டுத் துடைச்சுக் கொடுத்தது அவதான். இன்னிக்கு நினைச்சாலும் மனசு கேக்காது.

'சி'யில் குறைஞ்சது 'பி' கிரேடும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தா, ராணுவத்தில் ஆபீசராக என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரிக்குப் போடலாம். யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது, நேரா எஸ்.எஸ்.பி. (ராணுவ ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கிற போர்டு) இன்டர்வியூதான். பொண்ணுங்களுக்கும் உண்டு.

குரல் வராதுன்னு சொன்னியே, அதைப் பத்திதான் நிறையச் சொல்லணும். டிரில் கமாண்ட் எல்லாம் ஹிந்தியில்: சாவ்தான் (அட்டென்ஷன்), விஷ்ராம் (ஸ்டாண்ட் அட் ஈஸ்), தேஜ் சல் (குயிக் மார்ச்), தம் (ஹால்ட்). நானும் தமிழ் மீடியம்தான். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவச்சு மனப்பாடம் பண்ணினேன். ரெண்டாவது மாசம் பி.ஐ. ஸ்டாஃப் (பயிற்சி கொடுக்கிற ராணுவக்காரர்) திடீர்னு என்னைக் கூப்பிட்டு ஸ்குவாடை நடத்தச் சொன்னார். நடத்திட்டேன். நிறுத்தணும், "தம்" தொண்டையைத் தாண்டல. முப்பது பொண்ணுங்க காம்பவுண்ட் சுவரை நோக்கி நடந்துகிட்டே இருக்காங்க. அவர் திட்டல. பக்கத்தில் வந்து, "வயித்திலிருந்து கூப்பிடும்மா, தொண்டையிலிருந்து கூப்பிட்டா உடைஞ்சுடும்"னார். அப்புறம் தினமும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணி டேங்க்கைப் பார்த்துக் கத்திப் பழகினேன். முதல் பாதியை இழுக்கணும், கடைசிச் சொல்லை வெட்டின மாதிரி சொல்லணும், அதுவும் சரியான காலடியில். ஒரு அடி பிந்தினா வரிசை கலைஞ்சிடும். கலைஞ்சா அது அவங்க தப்பு இல்ல, கமாண்ட் கொடுத்தவ தப்பு. இதைப் புரிஞ்சுக்கவே எனக்கு முதல் வருஷம் முழுக்க ஆச்சு. ரெண்டாம் வருஷம் லான்ஸ் கார்ப்போரல், மூணாம் வருஷம் எஸ்.யூ.ஓ. அந்த முதல் வருஷம் இல்லேன்னா ரெண்டும் இல்ல.

அம்மா பயப்படறதும் நியாயம்தான். பத்து நாள் கேம்ப் போயிட்டு வந்து ஓ.டி. (ஆன் டூட்டி) கையெழுத்து வாங்காம விட்டேன், அட்டெண்டன்ஸ் அடிபட்டுச்சு. விட்ட பாடத்தையும் படிக்கல, முதல் செமஸ்டர்ல ஒரு அரியர். கேம்ப் லெட்டர் வந்த அன்னிக்கே ஹெச்.ஓ.டி.கிட்ட கொண்டுபோய்க் கொடு. நோட்ஸ் எழுதித்தர ஒரு பொண்ணைச் சொல்லி வை.

பதில் 2 (பேராசிரியர், என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலர்):

பஸ் ஒத்து வரலேன்னா என்.எஸ்.எஸ். இருக்கும்மா. ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோட தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். ரெண்டாம் வருஷம் சேர்ந்தாலும் முடிச்சிடலாம். ஆனா உன் ஆசை யூனிஃபார்ம் மேல இருக்கிறது கேள்வியிலேயே தெரியுது. முதல்ல செலக்‌ஷனுக்குப் போய் ஓடு. பரேடுக்கும் 75 சதவீத வருகை கேட்பாங்க, அதனால பஸ் விஷயத்தை உங்க ஏ.என்.ஓ. (காலேஜில் என்.சி.சி.யைக் கவனிக்கிற ஆசிரியர்) மேடம்கிட்ட முதல் நாளே சொல்லிடு.

பதில் 3 (ஒரு கேடட்டின் அம்மா):

உங்க அம்மாவைக் கிரவுண்டுக்கு ஒருநாள் கூட்டிட்டு வாம்மா. என் பொண்ணு வெயில்ல கறுத்துப் போறாளேன்னு நானும் சண்டை போட்டவதான். ஆகஸ்ட் 15 அன்னிக்கு அவ போட்ட கமாண்டுக்கு அத்தனை பேரும் ஒரே சத்தமா கால் வச்சதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவ யூனிஃபார்மை நானே கஞ்சி போட்டுத் தேய்ச்சேன்.

கேட்டவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்க பதிலை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அரியர் வந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம், வெள்ளிக்கிழமை கேன்வாஸ் ஷூ வேணுமான்னு கேட்டாங்க. திருமங்கலத்தில் அத்தை வீடு இருக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி அங்க தங்கினா சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடலாம். எத்தனை மீட்டர் ஓட விடுவாங்கக்கா?