தோளருகே எலும்பு முறிவுக்குக் கம்பி வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். 68 வயது அம்மா கீழே விழுந்ததில், மேற்கை எலும்பு தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிந்து விலகியிருக்கிறது. நீலம் பாரித்தது முழங்கை வரை இறங்கிவிட்டது. படுக்க முடியாமல், தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

பெரிதாகக் கிழிக்காமல், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி எலும்பை நிறுத்தலாம், 4 முதல் 6 வாரங்களில் உருவிவிடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் உண்டு. வலுவில்லாத எலும்பில் கம்பி பிடிக்காமல் நழுவக்கூடும் என்று அவரே சொல்கிறார். எலும்பின் மேல் உலோகத் தகடு (பிளேட்) வைத்துத் திருகுவது இதைவிடப் பெரிய அறுவை சிகிச்சை.

2015இல் வெளியான பிரிட்டனின் ப்ரோஃபெர் ஆய்வில், இப்படி விலகிய முறிவுகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங் பட்டை மட்டும் போட்டவர்களுக்கும் 2 ஆண்டுகள் கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லா முறிவுக்கும் அது பொருந்தாதுதான். ஆனாலும் மருத்துவரிடம் இதைக் கேட்காமல் சம்மதிக்க மனம் வரவில்லை.

கம்பி வைத்தவர்கள், பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். கம்பியின் முனை தோலுக்கு வெளியே நீட்டியிருந்த இடத்தில் சீழ் பிடித்ததா, எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சியை எப்போது தொடங்கச் சொன்னார்கள்? அப்புறம் முக்கியமாக, கை தலைக்கு மேலே தூக்கும் அளவுக்கு வந்ததா? அம்மா தன் தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டும், எனக்கு அது போதும். இந்த வாரக் கடைசிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.