ஸ்மோக்கி மலையில் டென்ட்டா, ஆர்வியா? தங்கியவர்கள் சொல்லுங்கள்

ராலே வாசி

அக்டோபர் நடுவில், இலை நிறம் மாறும் நேரமாகப் பார்த்து, அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று மூன்று வீட்டார் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வீட்டாருக்கு டென்ட். மூன்றாவது வீட்டில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், அதனால் வாடகைக்கு ஆர்வி (படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) எடுக்கிறார்கள். அங்கே இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் எல்க்மான்ட், கேட்ஸ் கோவ், ஸ்மோக்மான்ட் என்று பெயர்கள்தான் தெரியும். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மரம், ஒரே மேஜை. போய்த் தங்கியவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அட்லாண்டா அப்பா

எங்களுக்கு எல்க்மான்ட்தான் பழக்கம். கேட்லின்பர்க் ஊரிலிருந்து எட்டு மைல். அந்தப் பூங்காவிலேயே பெரிய கேம்ப்கிரவுண்ட் அது, 200 சைட்டுக்கு (ஒரு குழு தங்க ஒதுக்கிய இடம்) மேல். அதனால் "எல்க்மான்ட் எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எந்த சைட் என்று கேளுங்கள்.

லிட்டில் ரிவர் ஓரத்து சைட்டுகளுக்குத்தான் அடிதடி. பெரியவர்கள் மட்டும் போனால் அருமையான இடம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் எடுக்கமாட்டேன். பாறையெல்லாம் வழுக்கும், தண்ணீர் இழுக்கும். அந்த இரைச்சலில் பத்தடி தள்ளி நின்று பிள்ளை கூப்பிட்டால் காதில் விழாது. ஒருமுறை வேறு வழியில்லாமல் ஆற்றோர சைட்தான் கிடைத்தது. இரவு மகளின் கொலுசைக் கழற்றி டென்ட் ஜிப்பில் கட்டிவிட்டுத்தான் என் மனைவி படுத்தாள். பிள்ளை எழுந்து ஜிப்பைத் தொட்டால் தலைமாட்டிலேயே சத்தம் கேட்குமே.

கழிப்பறைக்கு நேர் எதிரில் இருக்கும் சைட்டும் வேண்டாம். ராத்திரி முழுக்க விளக்கு, கதவு அடிக்கும் சத்தம், டார்ச் வெளிச்சம். நாலைந்து சைட் தள்ளி எடுத்தால் போதும். முன்பதிவு செய்யும் ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் படமும் அளவும் தனியாக உண்டு. அதில் டென்ட் போடும் இடம் சமமாக இருக்கிறதா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். மலை உச்சியில் வருடத்துக்கு 85 அங்குலம் வரை மழை கொட்டும் ஊர் இது. பள்ளத்தில் டென்ட் போட்டவர்கள் நடு ராத்திரியில் காருக்குள் குடியேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சைட்டில் ஆறு பேர்தான், அதையும் கணக்கில் வையுங்கள். ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். அக்டோபர் சனி, ஞாயிறு எல்லாம் உடனே பறந்துவிடும்.

நாக்ஸ்வில் ஆர்விக்காரர்

ஆர்வி எடுக்கும் நண்பருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கனெக்‌ஷன், தண்ணீர் கனெக்‌ஷன் எதுவும் கிடையாது. ஷவரும் இல்லை. ஃப்ளஷ் டாய்லெட்டும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் உண்டு, அவ்வளவுதான். ஜெனரேட்டர் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான் ஓட்டலாம். சில வரிசைகளில் அதுவும் கூடாது. "ஆர்விதான் இருக்கிறதே, ராத்திரி ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம், ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாம்" என்று வந்து இறங்கி, முகம் தொங்கிப் போனவர்கள் நிறைய. ப்ரோபேன் ஹீட்டர் ஓடும், சரி. ஆனால் அதன் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது, விடியும்வரை பேட்டரி தாங்க வேண்டும்.

அடுத்தது நீளம். மோட்டார்ஹோம் (தானே ஓடும் ஆர்வி) என்றால் எல்க்மான்ட்டில் 35 அடி, கேட்ஸ் கோவிலும் ஸ்மோக்மான்ட்டிலும் 40 அடி வரை விடுவார்கள். அது கேம்ப்கிரவுண்டுக்கான உச்சவரம்பு. உங்கள் சைட்டின் நீளம் 25 அடியாகக்கூட இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டயருக்கு அடியில் வைத்து வண்டியைச் சமமாக்கும் லெவல் கட்டையை மறக்கவே கூடாது. எங்களுக்கு வண்டி வாடகைக்குக் கொடுத்த கம்பெனி ஒன்று கட்டையும் வைக்கவில்லை, எதற்கு என்றும் சொல்லவில்லை. மலைச்சரிவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் படுக்க முடியாது என்பது மட்டுமில்லை, கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது. பக்கத்து சைட் பெரியவர் ஒருவர் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, முன் டயர் ஏற ஏற, ஒரு தம்ளர் தண்ணீரை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டினார். பால் கெடாமல் தப்பியது அவரால்தான்.

பாதை விஷயம்: கேட்ஸ் கோவ் போவதானால் பூங்காவுக்கு வெளியே இருக்கும் டவுன்சென்ட் ஊர் வழியாக வாருங்கள். ஜிபிஎஸ் சில சமயம் யுஎஸ் 129 பக்கம் தள்ளிவிடும். 11 மைலில் 318 வளைவு இருக்கும் சாலை அது, பைக் ஓட்டுபவர்கள் ஆசைப்பட்டு வரும் இடம். தாத்தா பாட்டியை வைத்துக்கொண்டு ஆர்வியில் போகிற இடமில்லை. நியூஃபவுண்ட் கேப் மலைக்கணவாய் தாண்டி இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் கீழே வருவதற்குள் கருகல் வாசனை அடிக்கும்.

சார்லட் அக்கா

கரடியைப் பற்றி யாரும் பேசவில்லையே! பூங்காவுக்குள் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன.

கேட்ஸ் கோவில் எங்களோடு வந்த ஒரு குடும்பம், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கூலரை மேஜை மேலேயே விட்டுவிட்டு லூப் ரோடு (அங்கே இருக்கும் 11 மைல் சுற்றுச் சாலை) சுற்றக் கிளம்பிவிட்டது. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் மேஜை மேல் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நிற்கிறது. கூலர் மூடியை ஒரே தட்டு. புளியோதரை டப்பாவைப் பல்லால் கவ்விப் பிய்த்து, அவ்வளவையும் தின்றது. ஊறுகாய் பாட்டிலை முகர்ந்து பார்த்து உருட்டிவிட்டது (கார சாரம் அதற்கும் ஒத்துவரவில்லை போல). நாங்கள் பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றிவிட்டு, பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டோம். ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே படாமல் புதருக்குள் போனது.

பிறகு பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்தார். கோபமெல்லாம் படவில்லை. ஒருமுறை மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிவரலாம் என்றார். அந்தக் குடும்பத்துக்கு அபராதச் சீட்டும் கிடைத்தது.

சாப்பாடு, காலிக் கூலர், அடுப்பு, பல் விளக்கும் பேஸ்ட் எல்லாம் காருக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும். டென்ட்டுக்குள் பிஸ்கட்டுகூடக் கூடாது, பிள்ளைகளின் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துவிடுங்கள். கரடியைப் பார்த்தால் 50 கஜத்துக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். அப்புறம், விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. மரத்தைத் துளைக்கும் பூச்சி கூடவே வந்துவிடும் என்பதால், சூடுகாட்டி முத்திரை போட்ட விறகு மட்டும்தான் அனுமதி. போகும் வழிக் கடைகளில் கிடைக்கும்.

டவுன்சென்ட் ரசிகன்

வயதானவர்கள் இருந்தால் பூங்காவுக்கு வெளியே டவுன்சென்ட்டில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டைப் பாருங்கள். ஆர்விக்கு 30 ஆம்ப், 50 ஆம்ப் கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் இருக்கும், வெந்நீர்க் குளியலும் உண்டு. உங்கள் வண்டி 30 ஆம்ப், கரண்ட் கம்பம் 50 ஆம்ப் என்றால் இரண்டையும் இணைக்கும் டாக்போன் அடாப்டர் தேவைப்படும், வண்டி வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறை என்னவென்றால் வண்டிகள் தோளோடு தோள் நிற்கும். நாங்கள் தங்கிய ஓரிடத்தில் பக்கத்து வண்டி டிவியில் ஃபுட்பால் ஸ்கோர் எங்களுக்கும் தெரிந்தது. டென்ட்டுக்குக் கொடுக்கும் புல்தரை ரோட்டோரமாகவே இருக்கும். முன்பதிவுக்கு முன் போன் போட்டு, டென்ட் இடம் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

ராலே வாசி

அக்கா, புளியோதரை கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். மாமியார் "அப்ப நான் காருக்குள்ளேயே படுத்துக்கறேன்" என்கிறார்! இப்போதைக்கு இப்படி யோசிக்கிறோம்: ஆர்வியும் பெரியவர்களும் டவுன்சென்ட்டில், டென்ட் வீட்டார் கேட்ஸ் கோவில். புதன்கிழமை லூப் ரோட்டில் கார் விடமாட்டார்களாமே, பிள்ளைகளோடு சைக்கிள் விடலாமா?

அட்லாண்டா அப்பா

அந்தப் புதன்கிழமை ஏற்பாடு செப்டம்பர் வரைதான். அக்டோபரில் அந்த 11 மைலும் கார் வரிசைதான், பொழுது விடியும் முன்பே போய் வாசலில் நில்லுங்கள்.

பிரிந்து தங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ஸ் கோவில் போன் சிக்னல் கிடைக்காது. பெரியவர்களுக்கு ராத்திரி ஏதாவது என்றால் உங்களுக்குத் தகவல் எப்படி வரும்? டவுன்சென்ட்டிலேயே மூன்று வீட்டாரும் தங்கி, பகலில் உள்ளே போய்வாருங்கள். பூங்காவுக்குள் 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும், ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும், டென்ட் ஆட்கள் அடியில் விரிக்கத் தடிமனான பாய் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.