டிரம் கை மாறிய பிறகு பொறுப்பு யாருடையது?

கலவைக்காரன்:
ரசாயன ஆலையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு சரக்கோடும், அதன் ஆபத்து, கையாளும் முறை, முதலுதவி எல்லாம் சொல்லும் 16 பிரிவு கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் போகிறது. டிரம்மில் எச்சரிக்கைச் சின்னமும் உண்டு. வாங்கியவர் அதை எதில் ஊற்றுகிறார், எதோடு கலக்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க முடியுமா? கேட்டைத் தாண்டினால் அவர் பொறுப்பு.

கிடங்குப்பூனை:
தாள் போகிறது, சரி. யார் கைக்கு? எங்கள் கிடங்கில் பில்லோடு சேர்த்துக் கோப்பில் குத்திவிடுவார்கள். போன வருடம் 200 லிட்டர் டிரம்மிலிருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் திரவத்தைச் சின்ன கேன்களில் பிரித்தோம். ஒரு பழைய கேனின் அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் மிச்சம். லேபிள் கிடையாது, மார்க்கரில் "கிளீனர்" என்று மட்டும் எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அதில் ஊற்றிவிட்டான். குளோரின் வாயு கிளம்பி, கண்ணும் மூக்கும் எரிய இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தான். முதலுதவி தாளின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. தாள் பூட்டிய அலமாரியில் இருந்தது.

கலவைக்காரன்:
பையன் இப்போது நலம்தானே? ஆனால் அது உங்கள் கிடங்கின் குளறுபடி. அதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

கிடங்குப்பூனை:
நலம். குளறுபடிதான், மறுக்கவில்லை. ஆனால் டிரம்மைப் பிரித்துத்தான் விற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? கூடவே ஒரு கட்டு சின்ன லேபிள் அனுப்பினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

சோதனைக்குழாய்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தாளும் முத்திரையும் இருந்தால் போதும் என்பவர்கள் 2006இல் பனாமாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் கலந்த சரக்கு சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாக, 99.5 சதவீதத் தூய கிளிசரின் என்ற சான்றிதழோடு போய் இருமல் மருந்தில் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கை மாறும்போதெல்லாம் காகிதம்தான் திருத்தப்பட்டது. பீப்பாயைத் திறந்து ஒரு துளி சோதித்தவர் வழியில் யாருமில்லை.

கலவைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், தப்பு இடைத்தரகர்களுடையது!

சோதனைக்குழாய்:
கடைசியில் வாங்கி மருந்தில் கலந்தவரும் சோதிக்கவில்லையே. அவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? ரசாயனங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாங்குபவர் தன் பயன்பாட்டை விற்றவருக்குத் தெரிவிக்கலாம். சரக்கோடு தகவலும் மேலும் கீழுமாகப் போய் வர வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. உங்கள் ஆலைக்கு எந்தக் கிடங்கிலிருந்தாவது இதுவரை ஒரு கேள்வி வந்ததுண்டா?

கலவைக்காரன்:
விலை கேட்டு வரும். வேறு எதுவும் வந்ததாக நினைவில்லை. சரி, சின்ன லேபிள் பற்றி மேலே பேசிப் பார்க்கிறேன். ஆனால் ஒட்டுவீர்களா?

கிடங்குப்பூனை:
ஒட்டுவது என் பாடு. நீங்கள் முதலில் அனுப்புங்கள். அந்தப் பழைய கேன்களை நேற்றே ஓரம் கட்டிவிட்டேன்.