70 லிட்டரிலிருந்து நாலடித் தொட்டிக்கு: கடல்மீன்களை இடம் மாற்றிய அனுபவம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டில், இரண்டடி நீளமும் 70 லிட்டர் கொள்ளளவும் உடைய தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு மஞ்சள்வால் டாம்செலையும் மூன்று ஆண்டுகள் வளர்த்துவிட்டு, சென்ற ஆண்டு அவற்றை நாலடித் தொட்டிக்கு மாற்றினேன்.

முதல் சிக்கல் இடம்தான். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வைத்தால் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் திறந்த முற்றத்தின் வழியே விழும் வெயில் தண்ணீரைச் சூடாக்குவதோடு பாசியையும் வளர்க்கும். தண்ணீர், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 400 கிலோவை நெருங்கும் என்பதால் மரச்சட்டங்கள் தாங்கும் மாடியை நான் நினைக்கவே இல்லை. இரண்டாங்கட்டில், தரைத்தளத்து அறை ஒன்றில் வைத்தோம். "ஆத்தங்குடிக் கல்லுல உப்புத் தண்ணி சொட்டுச்சுன்னா பூவெல்லாம் வெளுத்துப்போகும்டா" என்று அப்பத்தா எச்சரித்ததால் தாங்கிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டேன். அந்த விரிப்பை அவர் இன்றும் நம்பவில்லை.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரையே நான்கு நாள்கள் பிளாஸ்டிக் பீப்பாய்களில் சேர்த்து, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்ற கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். புதிய தொட்டிக்கு வேண்டிய 240 லிட்டருக்கு எட்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்பட்டது. ஒரு நாள் முழுவதும் மோட்டாரை ஓடவிட்டு, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) பழைய தொட்டியில் இருந்த அதே 1.025 என்று, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த பின்பே மற்ற வேலைகளைத் தொடங்கினேன். தொண்டிக் கடற்கரையிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாமே என்றார் ஒரு நண்பர். கரையோரத்துக் கலங்கலையும் படகு எண்ணெயையும் நினைத்து மறுத்துவிட்டேன். அவரே பவளக்கல்லும் எடுத்து வரலாம் என்றபோது, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

பெரிய தொட்டிக்கு மாறும்போது உண்மையில் நாம் காக்க வேண்டியவை பாக்டீரியாக்கள்தான். மீன்கள் வெளியிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் அந்த உயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கற்களிலும் ஃபில்டர் பீங்கான் துண்டுகளிலுமே மிகுதியாக ஒட்டியிருக்கின்றன. எனவே பழைய கற்களையும் பீங்கான் துண்டுகளையும் குழாய்த் தண்ணீரில் அலசாமல், பழைய தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுபோனேன்.

அதுவரை சரி. பழைய மணலை அலசாமல் அப்படியே புதிய தொட்டியில் கொட்டியதுதான் நான் செய்த பிழை. மூன்று ஆண்டுகளாக மணலின் அடியில் தேங்கியிருந்த கழிவு முழுவதும் கலைந்து, இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் கஞ்சிபோல் இருந்தது. பெரிய கோமாளி மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறியது. சோதனைப் பெட்டி அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று காட்டியது. கடல்நீரின் pH (அமில-கார அளவு) எட்டுக்கு மேல் இருப்பதால், நன்னீரில் ஓரளவு தாங்கக்கூடிய அளவும் இங்கே நஞ்சாகிவிடும். கைவசம் கலந்துவைத்திருந்த உபரித் தண்ணீரைக் கொண்டு கால் பங்கை மாற்றினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். உணவை இரண்டு நாள்கள் நிறுத்திவைத்து, மோட்டாரின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பிய பிறகே மூச்சிரைப்பு அடங்கியது. மணலைப் புதிதாக வாங்குங்கள். அல்லது உப்புத் தண்ணீரில் தெளியும்வரை அலசுங்கள்.

டாம்செலை மட்டும் கடைசியாக விட்டேன். முதலில் நுழைந்தால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும் குணம் அதற்கு உண்டு. இரண்டு நாள்கள் பழைய தொட்டியில் தனியே கிடந்து, விளக்கணைத்த பின் இரவில் வந்து சேர்ந்ததால் மூலைக்கல் ஒன்றோடு அடங்கிவிட்டது.

அக்னி நட்சத்திர நாள்களில் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்புகிறேன். மின்வெட்டுக்கென்று மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் தாங்கிக்குள் தயாராக இருக்கிறது.