புதுப்பிப்பு: அம்மாவின் லேப்டாப் திரையை அடைத்த போலி வைரஸ் எச்சரிக்கை

'வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று கத்தியபடி அம்மாவின் லேப்டாப் திரையை அடைத்த எச்சரிக்கை பற்றிக் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி, தீர்ந்துவிட்டது.

எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முழுத்திரை விலகியதும் குரோமை மூடினேன். மறுபடி திறந்தபோது பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா ('ரீஸ்டோர்') என்று கேட்டது, தொடவில்லை.

எதிர்பாராதது ஒன்று: மறுநாள் திரையின் வலது மூலையில் அதே மிரட்டல் எட்டிப் பார்த்தது. ஸ்கேனில் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அம்மா ஏதோ சமையல் குறிப்புத் தளத்தில், அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலவ்' அழுத்தியிருக்கிறார். குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினேன், நின்றுவிட்டது.

நல்லவேளை, அம்மா அந்த எண்ணை அழைக்கவில்லை. சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவிச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் எண் 1799ஐ ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். 24 மணி நேரமும் கேட்கலாம்.