மறு: ஸ்விட்சபிள் கிராஃபிக்ஸுக்குத் தமிழ்ச்சொல் – மடைமாற்று, தோள்மாற்று

எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்விட்சபிள் கிராஃபிக்ஸுக்கு, அதாவது ஒரே மடிக்கணினியில படம் வரைய சிக்கனமான சில்லு ஒன்னு, வேகமான சில்லு ஒன்னுன்னு ரெண்டு இருக்கற ஏற்பாட்டுக்கு, நம்ம லினக்ஸ் மொழிபெயர்ப்புல என்ன தமிழ்ச்சொல் போடலாம்னு நாலு நாளா இந்த இழை ஓடிட்டு இருக்கு, நானும் படிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், ஆனா நேத்து ரெண்டு பேர் 'மாற்றக்கூடிய வரைகலை அட்டை'ன்னே வச்சு முடிச்சிக்கலாம்னு எழுதினதைப் பார்த்ததும் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. அந்தச் சொல் வேண்டாங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

போன மாசம் ஒரு காலேஜ் தம்பி போன் பண்ணினான். மடிக்கணினியில உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கான், பிளெண்டர்ங்கற 3டி வரையற நிரல்ல மாடலைச் சுத்திப் பார்த்தா திக்கித் திக்கி நிக்குதாம். உன்கிட்ட இருக்கறது மாற்றக்கூடிய வரைகலை அட்டை, அதுக்கு வழி இருக்கு, ராத்திரி உக்காந்து பண்ணிடலாம்னு நான் தமிழ்லயே சொல்லிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டான். "அண்ணா, சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், இந்த மாடல்ல கார்டை மாத்த முடியாதாம், போர்டோட சேர்த்துப் பத்த வச்சிருக்காம், போர்டையே மாத்தினா பதினெட்டாயிரம் ஆகுங்கறாங்க"ன்னான். குரல்ல அவ்வளவு சோர்வு. அவன்மேல ஒரு தப்பும் இல்ல. தமிழ்ல 'மாற்றக்கூடிய'ன்னா கழட்டிட்டு வேற போடலாம்னுதான் அர்த்தம், பல்பு மாத்தறோம், டயர் மாத்தறோம், அதே மாதிரிதான் அவன் எடுத்துக்கிட்டான். நான் சொன்ன சொல்தான் அவனை ரெண்டு பஸ் ஏறி கடைக்கு அனுப்பியிருக்கு.

அதுல 'அட்டை'யும் தப்பு. மேசைக் கணினியில பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாயில செருகறது அட்டை. மடிக்கணினியில இன்டெல் பக்கம் இருக்கறது செயலிக்குள்ளயே (சிபியு) இருக்கு, என்விடியா பக்கம் இருக்கறது பலகையில பத்த வச்ச சில்லு. ரெண்டுமே அட்டை இல்ல. அதனால முதல்ல 'சில்லு'ன்னு வச்சிக்கலாம்: செயலிக்குள்ள இருக்கறது உட்சில்லு, தனியா இருக்கறது தனிச்சில்லு. இதுல யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன், 'ஒருங்கிணைந்த வரைகலைச் செயலகம்'னு மெனுவுல போட்டா பாதி எழுத்து திரைக்கு வெளிய போயிடும்.

இப்ப 'ஸ்விட்சபிள்'. இதுலதான் நாம எல்லாரும் அந்த இங்கிலீஷ் சொல்லையே சுத்திச் சுத்தி வர்றோம், மாறத்தக்க, மாறும், நிலைமாற்று, இருநிலைன்னு. யாழ்ப்பாணத்து நண்பர் 'ஆளி' வச்சுப் பாருங்கன்னார். இலங்கைப் பாடப்புத்தகத்துல சுவிட்சுக்கு ஆளின்னுதான் இருக்கு, அழகான சின்னச் சொல், ஆனா இங்க ஆளின்னா நம்ம ஆளுங்க ஆளிவிதையத்தான் நினைப்பாங்க. அதை விடுங்க, என் சங்கடம் வேற. இப்ப வர்ற பெரும்பாலான மடிக்கணினியில சுவிட்சே நடக்கறதில்ல. நடக்காத ஒன்னுக்கு நாம நாலு நாளா பேர் தேடறோம்.

சந்தேகம் இருந்தா அவங்கவங்க மெஷின்லயே பாருங்க. அந்தத் தம்பியோட மெஷின்ல அப்ப என்விடியா சில்லுக்கான திறமூல இயக்கி நுவோதான் இருந்துச்சு. ரூட்டா, அதாவது நிர்வாகி உரிமையோட போயி, கர்னலோட (லினக்ஸோட உட்கரு) டீபக் அடைவுக்குள்ள விஜிஏஸ்விட்சரூ, அதுக்குள்ள ஸ்விட்ச்ங்கற கோப்பைத் திறக்கச் சொன்னேன். முதல் வரியில ஐஜிடி, அதாவது உட்சில்லு, பக்கத்துல ஒரு கூட்டல் குறி, அப்புறம் பவர். அடுத்த வரியில டிஐஎஸ், அதாவது தனிச்சில்லு, கூட்டல் குறி வரவேண்டிய இடம் காலியா கிடக்கு, அப்புறம் டைன்ஆஃப், தானா அணைஞ்சிருக்குன்னு அர்த்தம். கூட்டல் குறி எந்தச் சில்லு பக்கத்துல நிக்குதோ அதுதான் திரையைப் பிடிச்சிருக்கு. இப்ப தனிச்சில்லுல வரையச் சொல்லிக் கேக்கற டிஆர்ஐ பிரைம்ங்கற மாறிக்கு 1 கொடுத்து பிளெண்டரைத் திறக்கச் சொன்னேன். விசிறி லேசா சத்தம் போட ஆரம்பிச்சுது, போன்லயே கேட்டுச்சு. திரும்ப அதே கோப்பைப் பார்த்தா டிஐஎஸ் வரியில டைன்ஆஃப் போயி டைன்பவர் வந்திருக்கு. ஆனா கூட்டல் குறி? அது ஐஜிடி பக்கத்துலயேதான் நிக்குது. நகரவே இல்ல. திரை கைமாறலன்னு கர்னலே சொல்லுது, நாமதான் மாறத்தக்கன்னு எழுதிட்டு இருக்கோம்.

இது ஏன் இப்படின்னா, அந்த இங்கிலீஷ் சொல் பழைய காலத்துது. 2006ல வந்த சோனி வயோ எஸ்இசட்ல விசைப்பலகைக்கு மேல நிஜமாவே ஒரு சுவிட்சு இருந்துச்சு, ஒரு பக்கம் ஸ்டாமினா, ஒரு பக்கம் ஸ்பீட், தள்ளிட்டு மெஷினை ரீஸ்டார்ட் பண்ணணும். உள்ள மக்ஸ்னு ஒன்னு இருக்கும், ரெண்டு சில்லுல இருந்து வர்ற கம்பியில எது திரைக்குப் போகணும்னு முடிவு பண்றது. அப்ப சுவிட்சுங்கறது சரியான பேச்சு. லினக்ஸ்லயும் 2010ல 2.6.34 கர்னல்ல டேவ் ஏர்லி எழுதின விஜிஏஸ்விட்சரூ வந்தது அந்த மாதிரி மெஷினுக்குத்தான், அந்தக் கோப்புல டிஐஎஸ்னு எழுதினா தனிச்சில்லுக்குப் போகும், ஐஜிடின்னு எழுதினா திரும்பும், எக்ஸ் (திரையில சாளரங்களைக் காட்டற நிரல்) ஓடிட்டு இருந்தா லாக்-அவுட் பண்ணித்தான் மாறும். ஆனா அதே 2010 பிப்ரவரியில என்விடியா ஆப்டிமஸ்ங்கற புது ஏற்பாட்டை அறிவிச்சிருச்சு. அதுல மக்ஸே தேவையில்ல. திரை எப்பவும் உட்சில்லுகூடத்தான் இணைஞ்சிருக்கும், தனிச்சில்லு படத்தை வரைஞ்சு உட்சில்லோட நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுத்துடும், அது திரைக்கு அனுப்பும். மெஷின்ல இருக்கற சாதனங்களைப் பட்டியல் போடற எல்எஸ்பிசிஐ கட்டளை ஓட்டினா 00:02.0ல இன்டெல் விஜிஏன்னு வரும், 01:00.0ல இருக்கற என்விடியா நிறைய மெஷின்ல விஜிஏன்னு வராம 3டி கன்ட்ரோலர்னு மட்டும்தான் வரும், அதுக்குன்னு திரையே கிடையாதுங்கறதால.

லினக்ஸ்ல இதை ஓட்ட வைக்க நாம பட்ட பாடு சொல்லி முடியாது. பம்பிள்பீங்கற நிரலைப் போட்டு, பிபிஸ்விட்ச் வச்சு தனிச்சில்லோட மின்சாரத்தை அணைச்சு, ஆப்டிரன்னு ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலயும் அடிச்சு... என்னோட பழைய மெஷின்ல தனிச்சில்லு அணையாம ஓடிட்டே இருக்கும், விசைப்பலகையோட இடதுபக்கம் கைவைக்க முடியாது, நாலு மணி நேரம் வரவேண்டிய பேட்டரி ஒன்னரை மணி நேரத்துல படுத்துரும். 2012 ஜூன்ல பின்லாந்து ஆல்டோ பல்கலைக்கழகத்துல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியா மேல அவ்வளவு கோபப்பட்டாரே, அவர்கிட்ட அன்னிக்குக் கேட்ட கேள்வியும் ஆப்டிமஸ் மடிக்கணினி பத்தினதுதான். அந்த வருஷக் கடைசிக்குள்ள எக்ஸ் சர்வர் 1.13ல இந்த வேலையப் பண்ற பிரைம்ங்கற வசதி வந்துச்சு, திறமூல இயக்கிகளுக்கு வழி பிறந்துச்சு. என்விடியாவோட சொந்த இயக்கியில இதே மாதிரி ஒரு நிரலை மட்டும் தனிச்சில்லுல வரைய வைக்கற வசதி 2019 ஆகஸ்ட்ல 435ஆம் பதிப்புலதான் வந்துச்சு. ஆப்டிமஸ் வந்து ஒன்பது வருஷத்துக்கும் மேல ஆயிருச்சு.

ஆக ரெண்டு வேற வேற வேலை இருக்கு, ஒரே சொல்லை வச்சு ரெண்டையும் மூடக்கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது.

மக்ஸ் இருக்கற வகைக்கு, இந்த இழையில ஏற்கனவே அடிபட்ட மடைதான் என் பரிந்துரை. மக்ஸ்தான் மடை, அந்த வகை மடைமாற்று வரைகலை. எங்க தோட்டம் கீழ்பவானி பாசனம், கெணத்துத் தண்ணியும் வாய்க்காத் தண்ணியும் ஒரே வயலுக்குத்தான் வந்து சேரும். வாய்க்கால்ல தண்ணி விட்டிருந்தா அந்த மடையத் திறந்து கெணத்து மடைய மண்ணு வெட்டிப்போட்டு அடைப்போம், வாய்க்கா நின்னுட்டா இதைத் திறந்து அதை அடைப்போம். ஒரு நேரத்துல ஒன்னுதான். வயல்தான் திரை, ரெண்டு தண்ணியும் ரெண்டு சில்லு. மடை ஒன்னைப் பலதாப் பிரிக்கறதாச்சேன்னு ஐயா கேட்டிருந்தீங்க, பிரிக்கவும் செய்யும், ஆனா ரெண்டுல ஒன்னைத் தேர்ந்தெடுக்கவும் அதே மண்வெட்டிதான். இன்னொருத்தர், நிதியை மடைமாற்றம் பண்ணிட்டாங்கன்னு பேப்பர்ல வருதே, கெட்ட வாசனை அடிக்குதேன்னார். அது பணத்தைத் திருப்பினவங்க மேல உள்ள வாசனை, சொல்லு மேல இல்ல. இந்த மடை சமீப வருஷமா கேமிங் மடிக்கணினியில திரும்ப வந்துட்டு இருக்கு, அதனால செத்துப்போன ஒன்னுக்குப் பேர் வைக்கறதாவும் நினைக்க வேண்டாம்.

அடுத்தது மடையில்லா வகை, நமக்கு அதிகம் வேண்டியது. இங்கிலீஷ்ல ஆஃப்லோடுங்கறாங்க. 'சுமையிறக்கம்'னு ஒரு மடல்ல வந்துச்சு. லாரியில இருந்து மூட்டைய இறக்கினா வேலை முடிஞ்சுது, சுமை தரையில கிடக்கு. இங்க சுமை தரைக்கு வர்றதே இல்ல, இன்னொருத்தர் மேல போகுது. அதுக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கு, தோள் மாத்தறது. சாமி தூக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க, வலிச்சா பக்கத்துல வர்றவர் தோள் கொடுப்பார், பல்லக்கு ஒரு நிமிஷம்கூடக் கீழ இறங்காது, வீதியும் மாறாது. தனிச்சில்லு பண்றதும் அச்சா அதேதான், கனமான வரைதல் வந்தா அது தோள் கொடுக்குது, ஆனா படம் உட்சில்லு வழியாத்தான் திரைக்குப் போகுது. அதனால தோள்மாற்று வரைகலை. இருக்கற வேலையச் சொல்ற சொல், வயசு வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் புரியும், பெயரெச்சமா நீட்ட வேண்டியதில்ல.

ரெண்டையும் சேர்த்துப் பொதுவாச் சொல்லணும்னா 'இரட்டைச் சில்லு வரைகலை' போதும்.

இன்னும் ஒன்னு, எந்தச் சில்லு வேணும்னு தேர்ந்தெடுக்க உபுண்டுவுல உள்ள பிரைம்-செலக்ட்ல இருக்கற ஆன்-டிமாண்ட்க்கு 'தேவைக்கேற்ப'ன்னு போட்டிருக்கோம். அதுவும் ஏமாத்துது. தேவை எதுன்னு கணினியே பார்த்துக்கும்னு படிக்கறவங்க நம்பிடுவாங்க. விண்டோஸ்ல இயக்கியே நிரலுக்கு நிரல் குறிப்பு வச்சு முடிவு பண்ணும், நம்ம லினக்ஸ் பக்கம் பெரும்பாலும் நாமதான் மாறி கொடுத்தோ வலது கிளிக் பண்ணியோ கேக்கணும். 'கேட்டால் மட்டும்'னு மாத்திடலாம். க்னோம் (லினக்ஸ் மேசைத்தளம்) வலது கிளிக் மெனுவுல வர்ற சரத்துக்கு, அதாவது திரையில வர்ற அந்த வரிக்கு, 'தனிச்சில்லில் இயக்கு', அங்க தோளும் வேண்டாம் மடையும் வேண்டாம், பயனர் செய்யப்போறதை மட்டும் சொன்னாப் போதும். தோள்மாற்று உதவிப் பக்கத்துக்கும் அமைப்புகளுக்கும்.

நேத்து ராத்திரி அந்தத் தம்பிகிட்ட போன்ல இதையே சொல்லிப் பார்த்தேன், இங்கிலீஷ் சொல் ஒன்னுகூட எடுக்காம. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப சாமி இன்டெல் வாசல் வழியாத்தான் வெளிய வரும், அதனாலதான் அந்தக் கூட்டல் குறி அங்கயே நிக்குது, இல்லைங்களாண்ணா?"ன்னான்.

இந்தச் சரங்களை எல்லாம் இப்போதைக்கு ஐயக்குறி, அதாவது இன்னும் முடிவாகலைங்கற அடையாளம், போட்டு வச்சிருக்கேன். மடை பத்தி ஐயாவுக்கும் ஆளி பத்தி யாழ்ப்பாணத்து நண்பருக்கும் இன்னும் மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதிடுங்க, இல்லைன்னா அன்னிக்கு ராத்திரி ஏத்திடறேன்.